காகிதத்தில் குடியேறியவர்கள்

என் அக்காவைக் கட்டியவரை எங்கள் தெருவில் ‘ஜனத்தொகை’ என்றுதான் சொல்வார்கள். மாநகரத் திட்ட அலுவலகத்தில் அவருக்கு அதுதான் வேலை. நகரத்தில் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், இன்னும் பத்து வருஷத்தில் எந்த மூலையில் எவ்வளவு கூட்டம் சேரும் என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் தண்ணீர்க் குழாய், பஸ், பள்ளிக்கூடம் எல்லாம் வரும். ஊரார் பிள்ளைகளை எண்ணுகிறவருக்குத் தன் வீட்டில் எண்ண ஒரு பிள்ளை இல்லை என்று என் சலூனிலேயே உட்கார்ந்து ஒருத்தன் சிரித்தான். பாதிச் சவரத்தோடு அவனை எழுப்பி அனுப்பிவிட்டேன்.

மாமா தங்கமான மனுஷர். ஆனால் தங்கமானவர்கள் பிடிவாதம் பிடித்தால் யாராலும் தாங்க முடியாது.

அப்போது அவர்கள் என் சலூனுக்குப் பின்னால் இருந்த சொந்த வீட்டில் குடியிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒட்டுச் சுவர். அக்கா மிளகாய் வறுத்தால் பக்கத்து வீட்டில் தும்முவார்கள். அவர்கள் தும்மினால் இவள் இங்கிருந்தே திட்டுவாள். காலையில் போட்ட சண்டையைச் சாயங்காலம் அதே சுவர் வழியாகச் சமாதானம் செய்துகொள்வாள். அக்காவுக்குச் சோறு இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, பேச ஆள் வேண்டும்.

நகரத்தின் வடக்கு எல்லையில், பழைய செங்கல் சூளைகளை இடித்த இடத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. நகரத்திலேயே வேகமாக வளரப்போவது அந்தப் பகுதிதான் என்று மாமா மதிப்பீடு எழுதினார். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். தன் கணக்கின்மேல் அப்படி ஒரு நம்பிக்கை அவருக்கு. வீட்டை விற்று அங்கே ஆறாவது மாடியில் ஒரு பிளாட் வாங்கிவிட்டார்.

“பாரு மச்சான், அஞ்சே வருஷம். அங்க நிக்க இடம் இருக்காது. அப்ப வாங்கணும்னா நம்மால முடியாது” என்றார், என் நாற்காலியில் தலையைக் கொடுத்துக்கொண்டு.

“அதுவரைக்கும் அக்கா யார்கூடச் சண்டை போடும்?”

“உனக்கு எப்பவும் கிண்டல்தான்” என்றார்.

முதல் தடவை நான் போனபோது ஈ காக்கா இல்லை. நடைவழி நெடுகப் பூட்டிய கதவுகள். பாதிக் கதவுகளில் பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கவில்லை. என் செருப்புச் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அதைக் கேட்டே அக்கா கதவைத் திறந்து நின்றாள். என் கையைப் பிடித்தவள் சாப்பிட்டு முடிக்கிறவரை விடவில்லை.

“இந்தக் கட்டடம் நிரம்பிடுச்சுன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காராம்டா உங்க மாமா” என்றாள். “எங்கடா இருக்காங்க? ஒரு பால்கனியிலாவது துணி காயுதான்னு எட்டிப் பாரு.”

மாமாவுக்கு முகம் சிறுத்துப்போயிற்று. ஆனாலும் எனக்கு விளக்கினார். வீடு வீடாக எண்ணுகிற வேலை பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான். நடுவில் உள்ள வருஷங்களுக்கு மின் இணைப்புகளை எடுத்துக்கொள்வார்கள். ஓர் இணைப்புக்கு நாலு பேர் என்று பெருக்குவார்கள். இங்கே எல்லா வீடும் விற்றாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் இணைப்பு கொடுத்தாகிவிட்டது. வாங்கியவர்கள் விலை ஏறட்டும் என்று பூட்டிப் போட்டுவிட்டு வேறெங்கோ இருந்தார்கள். ஆக, காகிதத்தில் என் அக்காவைச் சுற்றி நானூறு பேர் குடியிருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது படித்தவர்களுக்கு மட்டும் எப்போதும் கடைசியில்தான் தெரிகிறது.

“ஆளே இல்லன்னு உங்க கண்ணுக்கே தெரியுதுல்ல மாமா?”

“என் கண்ணை வச்சு எழுத முடியாது மச்சான். ஊர் முழுக்க ஒரே முறைதான்.”

பகலெல்லாம் அக்கா தனியாகக் கிடந்தாள். காய்காரரை ஆறு மாடி ஏறிவர வைத்து, வேண்டாத கத்தரிக்காயைக் கூட வாங்கினாள், இரண்டு வார்த்தை பேசுவதற்காக. எனக்குப் போன் செய்தால் வைக்க மாட்டாள். வாடிக்கையாளர் காத்திருக்கிறார் என்பேன். “அவர்கிட்டயும் கொஞ்சம் குடுடா” என்பாள்.

சலூனுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு போர்ஷன் காலியானது. ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா தரையைப் பார்த்தார். “இந்தப் பக்கம் வர்ற ரயிலுக்குப் பாதை வேலை ஆரம்பிச்சிட்டாங்க. இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம்” என்றார். நான் கத்தினேன். எச்சில் கையோடு எழுந்து கத்தினேன். மறுப்பு அக்காவிடமிருந்துதான் வந்தது.

லிப்ட் வரை என்னோடு வந்து, “ஆபீஸ்ல இவரைக் கேலி பண்றாங்கடா” என்றாள் மெல்லிய குரலில். “எல்லாரும் வருவாங்கன்னு எழுதினவரு, தானே காலி பண்ணிட்டுப் போனா அவருக்கு என்ன மரியாதை? நான் இருந்துடறேன்.”

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், மாமா வேலைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில், அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது, தலையிலும் அடி. போன் கூடத்தில் இருந்தது. கத்தியிருக்கிறாள். மேலே ஆள் இல்லை, கீழே ஆள் இல்லை, பக்கத்திலும் இல்லை. பித்தளைச் செம்பால் தண்ணீர்க் குழாயைத் தட்டியிருக்கிறாள். அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து கிடந்தது. கீழே இருந்த காவலாளிக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. “குழாய்ல காத்து அடைச்சிருக்குன்னு நினைச்சேன் சார். காலி வீடுங்கதானே” என்று அழுதான். அவனை நான் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் மாமா வந்து பார்க்கும்போது உயிர் இருந்தது. தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, மதியத்துக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். மறுநாள் விடியுமுன் அக்கா போய்விட்டாள். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் தடுக்கவில்லை, அது எனக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அந்த வருஷ மதிப்பீட்டில் அவர் வடக்கு எல்லையின் எண்ணிக்கையைப் பாதிக்கும் கீழே இறக்கினார். ஒவ்வொரு கட்டடமாகப் போய், பால்கனிகளை அண்ணாந்து பார்த்து, துணி காய்கிற வீடுகளை மட்டும் எண்ணினாராம். மேலதிகாரி திட்டியும் மாற்றவில்லை. மூன்று வருஷம் கழித்து ரயில் ஓடத் தொடங்கியது. பூட்டிய கதவுகள் மளமளவென்று திறந்தன. அவர் கூட்டியபோது வராத ஜனம், கழித்த பிறகு திமுதிமுவென்று வந்து சேர்ந்தது. அவருடைய பழைய மதிப்பீடுதான் சரியாக இருந்தது, நாள்தான் கொஞ்சம் தள்ளிப்போயிற்று என்று ஓய்வுபெறும் விழாவில் பாராட்டினார்களாம். அவருடைய தொழிலில் மூன்று வருஷம் பிந்தினால் அதைப் பிழையாகவே எடுத்துக்கொள்வதில்லை.

அக்கா போனதிலிருந்து அவரோடு பேசாமல் இருந்தது போதும் என்று இப்போது மாதம் ஒருமுறை நானே அதே பிளாட்டுக்குப் போய் அவருக்கு முடி வெட்டிவிடுகிறேன். போன தடவை வெட்டிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டி ஒரு பெண் வந்தாள். மேல் வீட்டுக்குப் புதிதாக வந்தவளாம்.

“பிள்ளைங்க ரெண்டும் நாள் பூரா ஓடுதுங்க ஐயா. உங்களுக்குத் தொந்தரவா இருக்கும், மன்னிச்சுக்கங்க.”

“ஓடட்டும்மா, அடக்காதீங்க” என்றார் மாமா. பிறகு கழுத்தில் துண்டோடு அப்படியே அழத் தொடங்கினார். “அன்னைக்கு மேல ஒரு ஆள் நடந்துட்டு இருந்திருந்தா என் வீட்டுக்காரி பிழைச்சிருப்பா.”

அந்தப் பெண் மிரண்டுபோனாள். “நாங்க இப்பத்தான் வந்தோம் ஐயா...”

“உங்களைச் சொல்லலம்மா” என்றார். “நீங்க வந்துடுவீங்க, வந்துடுவீங்கன்னு சொல்லி அவளை இங்க உட்கார வச்சவனைச் சொல்றேன்.”