நாலு வழிச் சாலையில் போகமாட்டேன் என்றேன்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுவிட்டுப் போனது ஒன்று, ஆக ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தில் ஒன்றுகூட சோடை போகவில்லை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபம் தெரிந்தால் பொறுக்க வேண்டாம். அது இருக்கத்தான் செய்யும்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. பங்குனி மாதம். கும்பகோணத்திலிருந்து திருவையாறு போகிற பழைய ரோட்டில் நடந்தது.

என் வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தார். வலது பக்கம் அசையாது. பேச்சு வரும், மெதுவாக வரும். அவருக்கு மிச்சமிருந்த ஆசை ஒன்றே ஒன்று, மேட்டூர் அணையைப் பார்க்க வேண்டும். ஐம்பது வருடமாக ரேடியோவில் நீர்மட்டம் இத்தனை அடி என்று கேட்டுக் கேட்டு நாற்று விட்டவர். "அந்த அடிய ஒரு தடவ கண்ணால பாத்துப்புடணும்" என்பார். இங்கே ஆறு மணலாகக் கிடக்கும்போது அங்கே எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

சிங்கப்பூரில் இருக்கும் என் பெரிய மகன் லீவில் வந்தபோது, அப்பாவுக்காக ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தான். சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த வண்டி. உள்ளேயே கட்டில், கக்கூஸ், கேஸ் அடுப்பு எல்லாம் உண்டு. அவர் படுத்தபடியே வரலாம். மேட்டூர் பார்த்துவிட்டு, அப்படியே ஆற்றோடு தலைக்காவேரி வரைக்கும் எட்டு நாள் பயணம்.

எந்த ரோட்டில் போவது என்பதில்தான் சண்டை வந்தது. மகன் போனைப் பார்த்து, நாலு வழிச் சாலையில் ஏறினால் தஞ்சாவூர், திருச்சி, நாமக்கல் என்று வழுக்கிக்கொண்டு போய்விடலாம் என்றான். அந்த ரோட்டில் நான் வரமாட்டேன் என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். நானும் அவரும் மிராசுதார் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு அடி வாங்கியிருக்கிறோம். கொடி பிடித்தோம், அவர் பதினைந்து நாள் ஜெயிலில் இருந்தார். அப்புறம் நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலம் என்று எங்களுக்கு ஐந்து மா கொடுத்தார்கள். எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். அவர் பெயரில் பட்டா வந்த அன்று நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அந்த ஐந்து மாவில் மூன்று மாவைத்தான் நாலு வழிச் சாலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கதிர் சாய்ந்து நிற்கிற நேரத்தில் வந்து கல் ஊன்றினார்கள். நான் வயலில் படுத்துக்கொண்டேன். போலீஸ் வேனில் ஏற்றிப் பொழுது சாயும் வரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். தாசில்தாருக்கு மனு, கலெக்டருக்கு மனு. அந்த ஆட்சி போய் இந்த ஆட்சி வந்தது. வேட்டியின் கரைதான் மாறியது, "பாக்குறோம்மா" என்பது மாறவில்லை. கொடுத்த நிலத்தைத் திரும்ப எடுக்கிறவன், எடுக்கட்டுமா என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்டானா? கேட்கவில்லை. அதுதான் என் வயிற்றில் இன்றைக்கும் எரிகிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு ஆட்கள் யாரும் அந்த ரோட்டில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மகள்கள் பிறந்த வீட்டுக்கு வந்தாலும் சுற்றித்தான் வரவேண்டும். "டோல்கேட்டக்கூட தாண்டிடலாம் அத்த, ஒங்க செக்போஸ்ட்டத் தாண்ட முடியல" என்று மூத்த மருமகன் கிண்டல் செய்வார். சிரிப்பேனே தவிர விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளம்புகிற காலையில் மகன் கடைசியாகக் கேட்டுப் பார்த்தான்.

"அம்மா, இது பெரிய வண்டி. அடியில தண்ணித் தொட்டியெல்லாம் தொங்குது. பழைய ரோடு சரிவராது. அப்பாவுக்கு வேற அலுங்கக் கூடாது."

"அலுங்குனா மானத்தோட அலுங்கட்டும். இல்லாட்டி நீங்க போங்க, நான் எறங்கிக்கிறேன்."

நான் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்று அவனுக்குத் தெரியும். போனைக் கட்டில்மேல் விட்டெறிந்தான். டிரைவர் சென்னைக்காரர். எந்த வழி என்று கேட்டார். நான் முன்னால் போய் நின்று, "சாமிமல, கபிஸ்தலம், திருவையாறு, கல்லணை. ஆத்தோரமாவே போங்க" என்றேன். கலெக்டருக்கே உத்தரவு போட்டது மாதிரி இருந்தது எனக்கு. என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கபிஸ்தலம் தாண்டியதும் ரோட்டில் உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கம் மாசி பங்குனியில் அது வழக்கம். பிடுங்கிக் காய்ந்த செடியைத் தார் ரோட்டில் போட்டுவிட்டால், போகிற வண்டியின் சக்கரம் ஏறி நெற்று உடைந்து உளுந்து கொட்டிவிடும். வண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போனால் எங்களுக்குக் கோபம் வரும். நானே எத்தனையோ பஸ்ஸைக் கைகாட்டி ஏறிப் போகச் சொன்னவள்.

டிரைவர் பிரேக் போட்டார். "ஓரமா ஒதுங்கிப் போயிடட்டுங்களா?"

"அட, ஏத்துங்க தம்பி! அவங்க போட்டுருக்கறதே அதுக்குத்தான். ஒங்களுக்கும் புண்ணியமாப் போவும்."

ஏற்றினார். நெற்று படபடவென்று வெடித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது பரப்பு, மூன்றாவது பரப்பு. நான்காவதில் கருகல் வாடை வந்தது. அந்தத் தொங்குகிற தொட்டியும் குழாயும் செடியை வாரி இழுத்து, சக்கரத்துக்கு நடுவில் சுற்றிக்கொண்டு, சைலன்சர் சூட்டில் பற்றிவிட்டது. டிரைவர் குதித்துக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "தீ! கேஸ் இருக்கு, எறங்குங்க, எறங்குங்க!" என்று கத்தினார்.

மகன் சிலிண்டரை மூடப் பின்பக்கம் ஓடினான். நான் கட்டில் பக்கம் ஓடினேன். என் வீட்டுக்காரரின் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தேன். ஒரு காலத்தில் ஒரு மூட்டை நெல்லைச் சும்மா தூக்கிய கை இது. அவரை ஒரு சாண் நகர்த்த முடியவில்லை. தரைக்குக் கீழே இருந்து புகை வந்தது. அவர் என்னைப் பார்த்து, "நீ போ" என்றார். போகச் சொன்னால் போய்விடுவேனா?

அதற்குள் உளுந்து அடித்துக்கொண்டிருந்த பெண்கள் நான்கு பேர் ஏறி வந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருத்தி என்னைத் தள்ளிவிட்டு, போர்வையின் நான்கு முனையையும் பிடிக்கச் சொல்லி, அவரைப் பிணம் தூக்குவது போலத் தூக்கி, அந்தக் குறுகலான கதவு வழியே இறக்கி, ரோட்டோரம் செடிக் குவியல்மேல் கிடத்தினார்கள். வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தாங்கள் குடிக்க வைத்திருந்த குடங்களைக் கொண்டுவந்து ஊற்றினார்கள், மண்ணை வாரிப் போட்டார்கள், சாக்கை நனைத்து அடித்தார்கள். தீ அடங்கியது. சிலிண்டர் வெடிக்கவில்லை. பிரேக் குழாய் வெந்துபோய் வண்டி நின்றுவிட்டது.

துண்டு கட்டியவளுக்கு என் பாதி வயதுகூட இருக்காது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்மா, அங்க நாலு வழிச் சாலையப் போட்டு வச்சிருக்கான். இந்த வூட்ட இழுத்துக்கிட்டு இந்தச் சந்துக்குள்ள எவ வரச் சொன்னா?"

"ஒங்களுக்கு ஒத்தாசையாத்தான் ஏத்தச் சொன்னேன்."

"நல்லா இருக்கு ஒங்க ஒத்தாச! தரையத் தடவிக்கிட்டு வர்ற வண்டிய எந்தப் புத்திகெட்டவளாச்சும் ஏத்தச் சொல்லுவாளா? பெரியவரு வெந்துருப்பாரும்மா."

என் வாழ்நாளில் என்னை அப்படிக் கேட்டவர்கள் கிடையாது. மகன் கைக்கரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் திட்டியிருந்தால் தேவலை.

அப்போது என் வீட்டுக்காரர், செடிமேல் கிடந்தபடியே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"அந்தப் பெரிய ரோட்லயே போயிருக்கலாம்."

"நம்ம வயத்துல அடிச்ச ரோடுங்க அது."

"நம்ம வயலு மேலதானே போவுது. பாத்துக்கிட்டே போயிருப்பேன்ல."

"அத ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ எங்க கேட்ட?"

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கேரவனைக் கட்டி இழுத்துப் போனார்கள். அவரை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு ஆம்புலன்ஸ் வேன் வந்தது. வேன்காரர் யாரையும் கேட்காமல் நாலு வழிச் சாலையில் ஏறினார். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வயலை ஒட்டிய வடிகால் மதகு வந்ததும் என் வீட்டுக்காரர் இடது கையை ஆட்டினார். "இங்க நிறுத்தக் கூடாதுங்க" என்று சொல்லிக்கொண்டே வேன்காரர் நிறுத்தினார். மகன் அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்தான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் நிதானமாக இந்தக் கடைசி முதல் அந்தக் கடைசி வரை பார்த்தார்.

"நல்லா மேடாக்கிப்புட்டான்" என்றார். "இனிமே ஐப்பசி மழையில தண்ணி நிக்காது."

ஐப்பசி தோறும் மூழ்குகிற பள்ளக்கால் அது. மனுஷன் அதைப் பார்த்து இதைச் சொல்கிறார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

மகன் லீவு முடிந்து போய்விட்டான். அந்தப் புரட்டாசியில் அவரும் போய்விட்டார். மேட்டூரைப் பார்க்கவில்லை.

என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரோடு போட்டவன்மேல் இருக்கிறது, மனு வாங்கியவன்மேல் இருக்கிறது, இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்த அவர்மேலும் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்காமல் எடுத்தார்கள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த நான், பட்டாவில் பெயர் இருந்த மனுஷனை ஒரு நாளும் கேட்காமல் அவருக்கு வழியை முடிவுசெய்தேன். அதை எந்தத் தாசில்தார் தலையிலும் போட முடியவில்லை.

இதை எழுதிக்கொண்டிருப்பது என் சின்ன மகனின் பெண், காலேஜில் படிக்கிறாள். இரண்டு இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "இது வேணாம் அப்பாயி" என்றாள். எழுதடி என்றேன்.

"எங்க, மொதல்லேருந்து படி. நான் சொன்னதத்தான் எழுதியிருக்கியா, இல்ல என்னய நல்லவளாக்கி வச்சிருக்கியான்னு பாக்குறேன்."