வேணுமா என்று கேட்டவர்

தந்தி வந்தபோது காலை மணி பதினொன்று. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என் அக்கா ரோசம்மாள் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நான்தான் படித்துச் சொன்னேன். அக்காளின் கணவர் எலியேசர் அத்தான், அஸ்ஸாமில் ராணுவ ஆஸ்பத்திரியில் மலேரியா கண்டு இறந்துவிட்டார். 1944, ஆகஸ்ட் மாதம்.

அத்தான் துப்பாக்கி பிடித்தவரில்லை, சமையற்காரர். ராஜபாளையத்தில் ஒரு போர்டிங் பள்ளியில் பதினோரு வருஷம் சமைத்துவிட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தார். இந்த ஈஸ்டருக்கு லீவில் வந்தவர், அக்காளை உட்காரச் சொல்லிவிட்டுத் தாமே எனக்குப் பரிமாறினார். இலையில் பாதிச் சோறுதான் விழுந்தது.

"என்ன அத்தான், பட்டாளத்து ரேஷனா?"

"செத்த பொறு மாப்ள. திரும்ப வருவேம்லா."

அப்படித் திரும்ப வந்து பரிமாறுவதற்கு முகாமில் அவர் தம் வேலையையே பணயம் வைத்திருந்தார். அங்கே மெஸ் கொட்டகையில் சிப்பாய்கள் வரிசையில் நின்று தகரத் தட்டை நீட்டி, ஒரே கரண்டியில் விழுவதை வாங்கி, நின்றபடியே தின்பார்கள். பெரும்பாலும் நம் பக்கத்து ஆட்கள். சோறு போதவில்லை என்று தினமும் புகார். கழிவுத் தொட்டியிலோ தினமும் சோறு கிடந்தது. அத்தானுக்கு விளங்கவில்லை. சேத்தூர்க்காரச் சிப்பாய் சங்கையாவிடம் கேட்டார்.

"சோறு கெடக்கு அண்ணாச்சி. வேணுமான்னு கேக்கத்தான் ஒரு நாதியில்ல. ஏந்தி வாங்குத சோறு உள்ள எறங்க மாட்டேங்கு."

எல்லாரையும் உட்காரவைத்துப் பரிமாற சுபேதாரிடம் அனுமதி கேட்டார் அத்தான். மூன்று நாள் பார்ப்போம், ஒரு நாள் அணிவகுப்புக்குத் தாமதமானாலும் நீ விறகு பிளக்கப் போ என்றார் சுபேதார். அளவைக் கூட்ட வழியில்லை. அதனால் அதே பங்கை இரண்டாக்கினார். முதலில் பாதி. பிறகு திரும்பி வந்து, ஒவ்வொருவரிடமும் வேணுமா என்று கேட்டு மீதி. வேண்டாம் என்றவன் பங்கு, இன்னும் கேட்டவனுக்குப் போயிற்று. மூன்றாம் நாளும் பியூகிள் ஊதுமுன் கடைசி ஆள் கை கழுவிவிட்டான். தொட்டியில் சோறில்லை. புகாரும் நின்றது.

ஆனால் முகாமின் இரும்புக் கரண்டி பெரிது. அவசரத்தில் பாதி என்பது ஒருவனுக்குக் கூடும், பக்கத்தில் இருப்பவனுக்குக் குறையும். அவன் முகம் வாடுவதைப் பார்க்க முடியவில்லை என்றார். அதனால் பரிமாறும் ஆட்களுக்கு ஒரே அளவில் இருபத்துநாலு சின்னத் தேங்காய்ச் சிரட்டை அகப்பைகள் பார்சலில் வேண்டும் என்றார். லீவு முடிவதற்குள் சிரட்டைகளைத் தாமே தேய்த்து வழவழப்பாக்கி வைத்தார். துளையிட்டு மூங்கில் காம்பு மாட்டி அனுப்புவது என் பொறுப்பு. அதற்கு எனக்கு நான்கு மாதம் இருந்தது.

அந்தக் கொட்டகையில் இப்போது யார் திரும்ப வந்து கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. பதினேழு அகப்பைகள் முடிந்திருக்கின்றன. ஏழு சிரட்டைகளுக்கு இன்னும் துளைகூடப் போடவில்லை.