அக்காவின் கம்பியும் என் ஸ்வெட்டரும்

பெங்களூரு டிசம்பர் எனக்கு ஒத்துக்கொண்டதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எனக்கு சீனியர் ஒருத்தி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நான் நடுங்குவதைப் பார்த்து அவளுடைய அம்மா, ரிச்சர்ட்ஸ் டவுன் ஆன்ட்டி, மெரூன் நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தார். நைலான் கலந்த நூல். மகாராணி மாதிரி அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அக்காவின் பிஎச்டி முழுக்க ஒரு கம்பியில் இருந்தது. நகத்தளவு சில்லின் மேல், கண்ணுக்கே தெரியாத கம்பி. திரவ ஹீலியத்தில் குளிரவைத்தால் அதில் மின்சாரம் சீராக ஏறாது, படிக்கட்டு மாதிரி தாவித் தாவி ஏறும்.

"குவாண்டம் கம்ப்யூட்டர்னு ஒண்ணு வந்தா இந்த மாதிரி கம்பிலதான்டி வரும்" என்பாள்.

செய்த கம்பிகளில் தேறியது அது ஒன்றுதான். ஃபெல்லோஷிப் முடிவதற்குள் ஹீலியம் கிடைத்ததும் ஒரே ஒரு நாளுக்குத்தான்.

எங்கள் அறையில் ஒரு சட்டம் உண்டு. நைலான் உரசினால் உடம்பில் மின்சாரம் சேரும், அதனால் பருத்தித் துணிதான் போட வேண்டும். சில்லைத் தொடும் முன் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பிலிருப்பதைத் தரைக்கு இறக்கிவிட வேண்டும். எனக்கா தெரியாது? தெரிந்துதானே அன்றைக்கு ஸ்வெட்டரைக் கழற்றினேன்! அதுவும் மேசையருகே நின்று, தலைவழியாக உருவினேன். முடியெல்லாம் குத்திட்டு நின்றது. "சீக்கிரம் சில்லைக் கொண்டு வாடி" என்றாள் அக்கா. தகட்டை மறந்து நேரே சில்லில் கை வைத்தேன். மூளை கெட்டவள். 'டிக்' என்றது. அளந்து பார்த்தால் கம்பி கருகியிருந்தது.

"அய்யோ அக்கா, நான்தான்..."

"தெரியும். பார்த்துட்டுதான இருந்தேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கிறிஸ்துமஸுக்குள் அவள் பிஎச்டியை விட்டுவிட்டு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்படியும் பண்டிகைக்கு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஆன்ட்டி என் தட்டில் ரோஸ் குக்கீஸை, அதான் அச்சுமுறுக்கை, அடுக்கினார்.

"எந்தப் பாவி கை வெச்சானோ, எம்பொண்ணு படிப்பே போச்சு. இவ வாயத் தொறக்க மாட்டேங்கிறா. நீயாவது சொல்லேன்மா."

கேட்டுக்கொண்டே என் தோளை டேப் வைத்து அளந்தார். "மெரூன் டைட்டா இருக்கா? நீ போட்டு நான் பாக்கவே இல்லயே. பச்சைல இன்னொண்ணு பின்றேன்."

எனக்கு அங்கேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

காபியை வைத்தபடி அக்கா சொன்னாள்: "அவளுக்குப் பருத்தி நூல்ல பின்னுங்கம்மா."

"குளிருக்குப் பருத்தியா? என்னடி இது?"

"அவளுக்கு அதான் நல்லது."

ஆன்ட்டி அப்படியே பின்னிக் கொடுத்தார். குளிருக்கு அது கொஞ்சமும் தாங்காது. ஒவ்வொரு டிசம்பரும் அதைத்தான் போட்டுக்கொண்டு நடுங்குகிறேன்.