எஞ்சினுக்குப் பொட்டு வைக்கும் இடம்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலையில், முதலாளி ஒரு கட்டுக் கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. காரைக்குடியில், கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் டீசல் எஞ்சின் செய்கிற ஒரு சிறிய கம்பெனி. பௌதிகம் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை, எஞ்சினை எப்படி ஓட்டுவது என்று விவசாயிகளுக்கு விளக்கும் புத்தகம் எழுத எடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தில் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அம்மா, "கம்பெனியில கணக்கு எழுதுறான்" என்று சொல்லிவைத்தார். முதலாளியோ அதுவரை அச்சுக்குக் கொடுத்ததெல்லாம் தம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள்தாம். அச்சில் வருவது எதுவும் அப்படித்தான் தொடங்கவேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. "மொட்டையா, மூடியைத் தெறன்னு ஆரம்பிக்கப்படாது தம்பி. வாங்குறவுகளை மொதல்ல மரியாதையா அழைக்கணும்" என்றார்.

அழைத்தேன். 'நல்லதொரு நாளில், சுற்றமும் நட்பும் சூழ, தங்கள் எஞ்சினை இயக்கி மகிழுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று தொடங்கியது என் புத்தகம். டீசல், ஆயில், கைப்பிடி எல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று மாதம் பார்ப்பது, சரிப்படாவிட்டால் மெட்ராசிலிருந்து ஒரு விளம்பரக்காரரை வரவழைப்பது என்று முதலாளி முன்பே சொல்லியிருந்தார். அப்படி நடந்தால் நான் பெரியப்பாவின் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கப் போகவேண்டும். பெரியப்பா எனக்கென்று ஒரு முக்காலி வாங்கிப் போட்டுவிட்டதாகவும் கேள்வி.

புத்தகம் வெளிவந்த சில வாரங்களில் புகார்கள் வந்தன. எஞ்சின் நன்றாகக் கிளம்புகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. மெக்கானிக் போவார். டேங்க் மூடியைத் திறந்து டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார், மூடுவார், எஞ்சின் ஓடும். அவர் பஸ் ஏறியதும் நின்றுவிடும். ஊர் ஊராக அலைந்து வெறுத்துப்போன அவர், "எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல மொதலாளி. புத்தகந்தான் சரியில்ல போல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நெற்குப்பை என்ற ஊரில் ஒரு வீட்டில் எஞ்சினைத் திருப்பி அனுப்பப்போவதாகவே சொல்லிவிட்டார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "நீங்களே போயிட்டு வாங்க தம்பி. எஞ்சின் திரும்பி வந்துச்சுன்னா நான் மெட்ராசுக்கு எழுதிருவேன்."

நெற்குப்பையில் அந்த வீட்டம்மாள் தோட்டத்தில் எனக்கு மோர் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. புத்தகத்தில் சொன்னபடி நல்ல நாள் பார்த்து, சம்பந்தி வீட்டாரை அழைத்து, மாலை போட்டு எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். முதல் பாத்தி நனைவதற்குள் நின்றுவிட்டது. "சம்பந்தியம்மா வாயைத் தொறந்து ஒண்ணுஞ் சொல்லல. சிரிச்சாக. அந்தச் சிரிப்புக்கு ஒங்க கம்பெனி என்ன பதில் சொல்லப் போகுது?" என்று கேட்டார். எனக்கு முக்காலி கண்முன் வந்தது. அன்றைக்குச் செய்தது போலவே இன்னொரு தடவை செய்துகாட்டச் சொன்னேன். அவர் எஞ்சினைத் துடைத்தார். சந்தனத்தைக் குழைத்து, உச்சியில் வட்டமாக இருந்த டேங்க் மூடியின் நடுவில் தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். அந்த மூடியின் நடுவில்தான் காற்று உள்ளே போகிற சின்னத் துளை இருக்கிறது. அது அடைபட்டால் டீசல் இறங்காது. மெக்கானிக் மூடியைத் திறந்தபோதெல்லாம் காற்று உள்ளே போய் எஞ்சின் ஓடியிருக்கிறது. எனக்குக் குதிக்கவேண்டும் போல் இருந்தது.

"பொட்டைத் தொடைச்சிருங்கக்கா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வச்ச பொட்டை அழிக்கச் சொல்றீகளே தம்பி, நல்ல வீட்டுப் பிள்ளைதானா நீங்க?" வேறு வழியில்லாமல், டேங்கின் முன்பக்கத்தில் முதலில் ஒரு பொட்டு வைக்கச் செய்து, பிறகு ஊசியால் மூடியின் துளையை மட்டும் குத்தித் திறந்தேன். கடைசிப் பாத்தி நனையும்வரை எஞ்சின் நிற்கவில்லை. கிளம்பும்போது அவர் கேட்டார்: "இம்புட்டு எழுதுனீகளே, பொட்டு எங்கன வைக்கணும்னு ஒரு வரி எழுதப்படாதா?"

எனக்கு அது ஏறவில்லை. ஊர் திரும்பியதும், 'டேங்க் மூடியில் சந்தனம், குங்குமம் வைக்கக் கூடாது' என்று எழுதிக் காட்டினேன். முதலாளி முகம் சுளித்தார். "பொட்டு வைக்காதீகன்னு அச்சடிச்சா, அந்த எஞ்சினை எவுக வீட்டுக்குள்ள விடுவாக?" அப்புறம்தான் அந்த அம்மாள் கேட்டது உறைத்தது. எஞ்சின் படத்தில் டேங்கின் முன்பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு, 'பொட்டு வைக்கும் இடம்' என்று எழுதினேன். முதலாளி வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "கம்பெனி பேரை மறைச்சிராம, அதுக்கு மேல வைக்கச் சொல்லுங்க." நெற்குப்பை எஞ்சின் திரும்பி வரவில்லை, மெட்ராஸ்காரரும் வரவில்லை.

அதற்குப் பிறகு மோட்டார், கிரைண்டர் என்று எத்தனையோ இயந்திரங்களுக்கு எழுதியிருக்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் புத்தகத்தைப் பரணில் போடுவதுதான் உலக வழக்கம். இப்போது பரணுக்குக்கூட போவதில்லை. என் எழுத்தை யாராவது படித்தார்கள் என்று உறுதியாகத் தெரிந்தது ஒரே ஒரு முறைதான். நெற்குப்பைக்குப் போய்வந்த அந்த வருடம், ஆயுத பூஜைக்கு மறுநாள் திருப்பத்தூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத் தோட்டம் ஒன்றில் எங்கள் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டேங்கின் முன்பக்கம், கம்பெனி பெயருக்குச் சரியாக மேலே, பொட்டு. அடுத்த தோட்டத்திலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவரின் தோளைத் தட்டி ஜன்னலுக்கு வெளியே காட்டி, "அது நான் எழுதினது" என்றேன். அவர் எட்டிப் பார்த்தார். அதற்குள் பஸ் தோட்டத்தைத் தாண்டிவிட்டது. வெளியே ஓர் எருமை நின்றுகொண்டிருந்தது. அவர் எருமையையும் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.