தாயாரம்மாள் வாங்கிய இடமாற்றம்

கவரைப்பேட்டை ஸ்டேஷனிலிருந்து வரப்பு வழியே பத்து நிமிஷம் நடந்தால் பூவராகவன் வீடு. காலை பாசஞ்சரைப் பிடித்தால் நேரே சென்னையில் போய் இறங்கலாம். இருந்தும் அவர் மகள் தாயாரம்மாள் 1971-ல் புள்ளியியல் எம்.எஸ்ஸி. சேர்ந்தபோது திருவள்ளூருக்குத்தான் போக வேண்டியிருந்தது. பல்கலைக்கழகம் அங்கே ஓர் அரிசி மண்டியின் மாடியில் கிளை நடத்தியது. கவரைப்பேட்டை அடங்கிய பொன்னேரி தாலுகாக்காரர்கள் அந்தக் கிளையில்தான் படிக்க வேண்டுமென்று யாரோ வரைபடத்தைப் பார்த்து விதி எழுதி வைத்திருந்தார்கள்.

பெரியபாளையத்தில் இறங்கி இன்னொரு பஸ் மாற வேண்டும். ஆடி மாதம் அம்மன் கோயில் கூட்டத்தில் பஸ் அசையாது. ஐந்து வாரத்தில் எட்டு நாள் முதல் வகுப்பைத் தவறவிட்டாள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கிளையில் பதினெட்டு பேருக்குக் கைப்பிடி சுழற்றும் கணக்கு மிஷின் ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஏழாம் எண்ணை அழுத்தினால் விசை மேலே வராது. தாயாரம்மாள் முறைக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, பழுப்புத் தாள்களில் கையாலேயே போட்டுப் பழகினாள். வருஷக் கடைசியில் கிளையில் முதலாவதாக வந்தாள்.

இரண்டாம் வருஷத்தைச் சென்னையில் படிக்க விண்ணப்பம் போட்டாள். திரும்பி வந்தது. மறுபடி போட்டாள், அதுவும் வந்தது. மூன்றாம் முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு நேராகவே சென்னைப் பல்கலைக்கழக அலுவலகத்தில் போய் நின்றாள். சூப்பரிண்டெண்ட் ஆதிகேசவன் கெட்ட மனிதரல்ல. அவளை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் மறுத்தார்.

“கிளையிலேருந்து வர்றவங்களுக்குச் செய்முறை பத்தாதும்மா. இங்க இருக்கிற பிள்ளைங்களோட உன்னால நிக்க முடியாது.”

“பரீட்சை வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார்” என்றாள் தாயாரம்மாள்.

பூவராகவன் மகளைத் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. ஆதிகேசவன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். இடம் காலியிருந்து, தனிச் செய்முறைத் தேர்வில் தேறினால் மாற்றலாமென்று ஒரு வரி அதில் இருக்கத்தான் செய்தது. அதுவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். இடமும் ஒன்று காலியிருந்தது.

ஜூன் மாதத்தில் தேர்வு. அவளுக்கென்று மேஜைமேல் பளபளவென்று ஒரு மிஷின் வைத்திருந்தார்கள். தாயாரம்மாள் கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தாள். இதோடு இன்றைக்குப் பழக முடியாது என்று தெரிந்துவிட்டது. தாளிலேயே போடலாமா என்று கேட்டாள். தேர்வாளர் வீரராகவன் கேள்வித்தாளை ஒருமுறை படித்துவிட்டு, விடைதான் கேட்டிருக்கிறது, மிஷின் என்று எங்கும் எழுதவில்லை என்றார்.

இருபத்து நான்கு வயல்கள். ஒவ்வொன்றுக்கும் போட்ட உரமும் கண்ட விளைச்சலும் கொடுத்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடச் சொல்லியிருந்தது. ஒவ்வோர் எண்ணாக எழுதிக்கொண்டு வந்தவள் பதினோராவது வயலில் நின்றாள். உரமே போடாத வயல், ஏக்கருக்கு அறுபத்திரண்டு மூட்டை. கேள்வித்தாளைக் குறை சொன்னால் இந்த விண்ணப்பமும் திரும்பிவிடுமோ என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டு போட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. கொடுத்த எண்ணோடு ஒரு முறை, அந்த வயலை நீக்கி ஒரு முறை என இரண்டு விடை எழுதினாள். பதினோராவது எண் தவறாக இருக்க வேண்டுமென்று அடியில் ஒரு வரி சேர்த்தாள். கடைசி மணி அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது.

வீரராகவன் அங்கேயே படித்தார். எப்படிச் சொல்கிறாய் என்றார்.

“எங்க ஊட்டு நெலத்துல நல்லா வெளைஞ்ச வருசமே முப்பது மூட்டைதான் சார் கண்டுது. உரமே போடாம அறுபத்திரண்டு வராது.”

அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து மூலப் பதிவேட்டை எடுத்துவந்து விரித்தார். அதில் இருபத்தாறு என்று இருந்தது. அச்சில் எண்கள் இடம் மாறியிருந்தன. மூன்று வருஷமாக அதே கேள்வியை வகுப்பிலும் கொடுத்து வந்திருந்தார்கள். எல்லோரும் மிஷினில் சுழற்றி, வந்த விடையை எழுதி, மதிப்பெண்ணும் வாங்கிப் போயிருந்தார்கள். வீரராகவன் அவள் தாளில் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் நாள் இடமாற்ற உத்தரவு தபாலில் வந்தது. அம்மா அங்காளம்மாள் அதைப் படிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். பூவராகவன் ஸ்டேஷனுக்கே போய் சீசன் டிக்கெட்டுக்கு என்னென்ன வேண்டுமென்று விசாரித்துக்கொண்டு வந்தார். போகிற வழியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “என் பொண்ணு பரீட்சைத் தாளையே திருத்திக்கினு வந்துகிதுப்பா” என்று சொல்லியிருக்கிறார்.

சென்னையில் முதல் வாரம் மிஷினோடு மல்லுக்கட்டினாள். ஒரு மாதத்தில் அது கைக்குள் வந்துவிட்டது. தாலுகா விதியைப் பற்றி அவள் எழுதிய கடிதத்தை ஆதிகேசவனே மேலே அனுப்பிவைத்தார். மறு வருஷ விண்ணப்பத்தில் அந்த விதி இல்லை. திருவள்ளூர்க் கிளையிலிருந்து குப்பம்மாளும் சின்னராசுவும் இன்னும் நான்கு பேரும் எந்தத் தேர்வும் எழுதாமல் வந்து சேர்ந்தார்கள்.

1973-ல் தாயாரம்மாள் பல்கலைக்கழகத்திலேயே இரண்டாவதாகத் தேறினாள். அடுத்த ஜூனில் அதே துறையில் விரிவுரையாளராக வேலை கிடைத்தது. முதல் நாள் கரும்பலகையில் தன் பெயரை எழுதிச் சொன்னபோது வகுப்பில் முப்பத்தோரு பேர் இருந்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி, சத்தமாகப் பேசுங்கள் என்றாள். தாயாரம்மாள் சத்தமாகவே தொடங்கினாள்.