இரண்டாவது கியர்

வீரமணிக்கு இருபத்திரண்டு வயது. கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்து மரவள்ளிக்கிழங்கைச் சின்னசேலம் ஜவ்வரிசி ஆலைக்கு இறக்கும் தங்கதுரையின் குட்டியானை சரக்கு வண்டியை ஓட்டுகிறவன். இரண்டு வருஷமாக வண்டியில் ஒரு கீறல் கிடையாது. போன மாசம் கொண்டை ஊசி வளைவில், அருவி பார்க்க வந்த கார் ஒன்று இவன் பக்கமே ஏறி வந்தது. பள்ளத்துப் பக்கம் ஒடிக்காமல் மலைச்சுவரில் மோதி வண்டியை நிறுத்தினான். யாருக்கும் அடியில்லை. கார் நிற்காமல் போய்விட்டது.

வண்டியை லாரியில் ஏற்றிச் சின்னசேலம் பட்டறையில் இறக்கினார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்குள் தங்கதுரை ஒரு யோசனை சொன்னார். அவருடைய இன்னொரு டிரைவர் பொன்னுரங்கம் ஓட்டியதாகச் சொல்லிவிடலாம் என்றார். பொன்னுரங்கத்துக்கு ஐம்பது வயது. போன வருஷம் அவர் கண்ணயர்ந்து புளியமரத்தில் மோதியதற்கே கம்பெனி மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்திருந்தது.

“என் நரைச்ச மீசையப் பாத்துக் குடுத்தானுங்கடா. உனக்கு இன்னும் மொளைக்கவே இல்லியே” என்றார் பொன்னுரங்கம்.

வீரமணி ஒப்பவில்லை. பேரை மாற்றினால் தப்பு தன்னுடையது என்று தானே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு எந்த முதலாளி நம்பிச் சாவியைக் கொடுப்பான்?

சர்வேயர் வந்தார். லைசென்ஸை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார். வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்பே ‘அதிவேகம், கவனக்குறைவு’ என்று எழுதினார். சின்னப் பசங்களிடம் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான், பணம் வருவது கஷ்டம் என்று தங்கதுரையிடம் சொன்னார். வீரமணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“சார், உள்ள குந்தி கியர அசச்சிப் பாருங்க” என்றான் வீரமணி.

சர்வேயர் அசைத்தார். மோதியதில் சிக்கிய கியர் இரண்டாவதிலேயே இறுகிக் கிடந்தது. மலையில் லோடு இறக்குகிறவர்கள் பிரேக்கை மட்டும் நம்புவதில்லை. அடிவாரம் வரும்வரை இரண்டாவது கியரை மாற்றமாட்டார்கள்.

“முக்கா டன் கெழங்க வச்சிக்கினு ரெண்டாவது கியர்ல இன்னா வேகம் சார் போவ முடியும்?”

சர்வேயர் கியரைப் போட்டோ எடுத்தார். ‘அதிவேகம்’ என்பதை அடித்தார். அடுத்த வார்த்தையையும் அடிக்கச் சொன்னான் வீரமணி. காரைப் பார்த்த சாட்சி உண்டா என்று கேட்டார் சர்வேயர். இல்லை. அந்த வார்த்தை அப்படியே நின்றது.

கம்பெனி ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தது. வண்டி தயாரான அன்று பொன்னுரங்கம் சாவிக்குக் கை நீட்டினார். தங்கதுரை அதை வீரமணியிடம் கொடுத்தார்.

“எதுக்கும் மீசைய வளத்துக்கடா” என்றார் பொன்னுரங்கம்.

வீரமணி ஏறி உட்கார்ந்து, முதலில் கியரை அசைத்துப் பார்த்தான்.