இரண்டு கார்களிலும் நான் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு கோடைகாலத்தில் நடந்தது. இடம் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம். ஊர் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. நெடுஞ்சாலையோரம் ஒரு பெட்ரோல் நிலையம், அதை ஒட்டி ஒரு சின்னக் கடை, சுற்றிவரச் சிவப்பு மண்.

நாங்கள் ஐந்து பேர், யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நானும் இன்னொருத்தியும் லண்டன், மற்ற மூவரும் கனடா. ஐம்பது வயதாகும் வருடத்தில் எல்லோரும் சேர்ந்து, நியூயோர்க்கிலிருந்து மேற்குக் கரை வரைக்கும் காரிலேயே போவதென்று முடிவெடுத்தோம். கணவர், பிள்ளைகள் யாரும் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. பெட்டிகள் கொள்ளாது என்று இரண்டு கார்களை வாடகைக்கு எடுத்தோம்.

நான் லண்டனில் இல்ஃபோர்ட் பகுதியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் மினிகாப் என்ற வாடகைக் கார் ஓட்டுகிறார், எப்போதும் இரவு ஷிப்ட். நான் எழும்பும் நேரம் அவர் வந்து படுப்பார். நான் வேலையால் வர அவர் வெளிக்கிடுவார். கதவடியில் நின்று என்ன சமையல், யார் போன் எடுத்தது என்று இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. பிள்ளைகள் வளர்ந்து தனியே போன பிறகு அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது. பயணத்தைப் பற்றிச் சொன்னபோது டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஓம், போட்டு வாரும்” என்றார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் இல்லாவிட்டாலும் இவருக்கு ஒரு குறையும் தெரியாது போல என்று நினைத்துக்கொண்டுதான் பெட்டி அடுக்கினேன்.

அன்று மத்தியானம் அந்தக் கடையில் நிறுத்திக் கோப்பி குடித்தோம். காலையில் நான் முன் காரில் வந்தேன். அதில் ஏசி குளிர் தாங்கவில்லை. “நான் இனி மற்றக் காரில வாறன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போனேன். மற்றக் காரில் இருந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் நான் வழக்கம்போல முன் காரில் ஏறிவிட்டேன் என்று நினைத்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு கார்களையும் காணவில்லை. என் கைப்பை, போன், பாஸ்போர்ட் எல்லாம் முன் காருக்குள்.

முதலில் விளையாடுகிறார்கள் என்று சிரித்தேன். கடையைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன். பிறகு சாலையோரத்தில் போய் நின்றேன். ஒரு லொறி போனது. அதன் பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. பயந்துபோய்க் கடைக்குள் ஓடினேன்.

கடையில் நரைத்த தலைமுடியைப் பின்னியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே உட்காரக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். அந்த இடத்தில் கைத்தொலைபேசிக்குச் சிக்னல் கிடையாது. சுவரில் ஒரு வயர் போன் தொங்கியது. யாருக்கு வேண்டுமானாலும் எடு என்றார். தோழிகள் ஒருவரின் நம்பரும் எனக்குப் பாடமில்லை. பாடமாக இருந்தது ஒரே ஒரு நம்பர். பள்ளிக்கூடம், டொக்டர், கவுன்சில் என்று எங்கே கேட்டாலும் நான் சொல்லிப் பழகிய என் கணவரின் நம்பர்.

முதல் இரண்டு தடவையும் அவர் எடுக்கவில்லை. தெரியாத வெளிநாட்டு நம்பர், ஏமாற்றுக்காரர்கள் என்று நினைத்திருக்கிறார். மூன்றாம் தடவை எடுத்து, ஆங்கிலத்தில் அதட்டலாக யார் என்று கேட்டார்.

“இஞ்சேருங்கோ, நான்தான். என்னை விட்டிட்டுப் போட்டினம்.” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

“அழாதையும். எங்க நிக்கிறீர்? பக்கத்தில ஆர் நிக்கினம்? தண்ணி குடிச்சனீரோ?”

அப்போது லண்டனில் மாலை. ஆர்ச்வே என்ற இடத்தில் ஒரு வாடிக்கையாளரை இறக்கிவிட்டு நின்றிருக்கிறார். கடை நம்பரைக் கேட்டு வாங்கி உடனே திருப்பி எடுத்தார். வேலைக்கென்று இன்னொரு போன் வைத்திருந்தார். அதிலிருந்து என் லண்டன் தோழிக்கு விடாமல் அழைத்துப் பார்த்தார். மணி அடிக்கவேயில்லை.

“அவைக்கும் சிக்னல் இல்லைப் போல. நான் மற்றப் போனில அடிச்சுக்கொண்டே இருக்கிறன். இதை வைக்க மாட்டன். நீர் கதைச்சுக்கொண்டிரும்.”

“உங்களுக்கு வேலை கெடப் போகுதெல்லே?”

“அது கிடக்கட்டும். அங்க என்ன தெரியுது, சொல்லும்.”

ஜன்னலால் பார்த்தேன். தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருந்தது. தலையும் தெரியவில்லை, வாலும் தெரியவில்லை, அவ்வளவு நீளம் என்றேன். மண்ணின் நிறத்தைச் சொன்னேன். முதல் நாள் சாப்பிட்ட காரமான மிளகாய்க் குழம்பைச் சொன்னேன். ‘ம்’, ‘பிறகு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எத்தனையோ வருடமாக என் வாயிலிருந்து இவ்வளவு சொற்களை அவர் சேர்த்துக் கேட்டிருக்க மாட்டார். தான் சோறு வடித்த கதையைச் சொன்னார். அது கஞ்சியாகிவிட்டதாம், அதையே இரண்டு நாள் குடித்தாராம். அழுத கண்ணோடு எனக்குச் சிரிப்பு வந்தது.

“இண்டைக்கு உங்க வெயில்தான். நாளைக்குப் போற இடத்தில பின்னேரம் மழை இருக்கு. குடை வச்சிருக்கிறீரெல்லே?” என்றார் திடீரென்று.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீர் எழுதி வச்சிட்டுப் போன ஊர் எல்லாத்தையும் போனில போட்டு வச்சிருக்கிறன். வேலைக்கு இறங்க முதல் ஒருக்கா வெதர் பாக்கிறனான்.”

“அப்ப நான் பயணத்தைப் பற்றிச் சொன்னநேரம் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? நான் முகத்தைக் கொஞ்சம் சுருக்கினாலே நீர் போகாமல் நிண்டிடுவீர் எண்டு தெரியும். அதுதான் உம்மைப் பாக்காமல் இருந்தனான்.”

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன். லண்டன் சாலையின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அந்த நேரத்தில்தான் அவருடைய மற்றப் போனிலிருந்து என் தோழிக்கு மணி போயிருக்கிறது. அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. “தங்கச்சி, பதறாதையுங்கோ. என்ர மனுசி உங்கட காருக்குள்ள இருக்கிறாவோ எண்டு ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ.” அடுத்த நிமிடம் என் தோழி போட்ட கூச்சல், அந்தப் போனிலிருந்து இந்தப் போன் வழியாக என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோதுதான் அவர்களுக்குச் சிக்னல் கிடைத்திருந்தது. திரும்பி வர நேரமெடுத்தது. இரண்டு கார்களும் வந்து நிற்கும் வரைக்கும் அவர் போனை வைக்கவில்லை. நால்வரும் இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கடைசியில் நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டியிருந்தது.

கடைக்காரப் பெண்மணி கோப்பிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். போனில் யார் என்று கேட்டார். என் கணவர் என்றேன். கலியாணமாகி எவ்வளவு காலம் என்றார். முப்பது வருடமாகப் போகிறது என்றதும் அவருக்கு நம்ப முடியவில்லை. உங்கள் மொழி எனக்குத் தெரியாது, ஆனால் நீ பேசிய விதத்தைப் பார்த்து அண்மையில்தான் கலியாணம் கட்டியிருப்பாய் என்று நினைத்தேன் என்றார். ஐம்பது வயதில், அத்தனை பேருக்கும் முன்னால் நான் வெட்கப்பட்டுப்போனேன்.

இப்போதும் அவருக்கு இரவு ஷிப்ட்தான், எனக்குப் பகல்தான். ஆனால் பயணிகளுக்காகக் காத்து நிற்கும் நேரங்களில் எனக்குப் போன் எடுக்கிறார். நானும் கதைக்க ஒன்றுமில்லை என்று வைத்துவிடுவதில்லை. ஒரே வீட்டில் இருந்த இத்தனை வருடமும் அவருடைய பேசாமையை அக்கறையின்மை என்று எண்ணியிருந்தேனே என்று நினைக்கும்போது, என்னை மறந்துவிட்டுப் போன தோழிகளுக்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.